தவிட்டுப் பிள்ளையின் சேர்க்கைப் படிவம்

பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்த நாளில் நான் கரும்புக்காட்டில் இருந்தேன். ஜூலை மாதம், வெட்டு நடந்துகொண்டிருந்தது. எங்கள் கிராமத்துத் தபால் எல்லாம் சீனர் கடைக்குத்தான் வரும். அன்று அந்தச் சீனர் எண்ணெய்க் கையோடு உறையைப் பிடித்துக்கொண்டு காட்டு விளிம்புவரை தானே நடந்து வந்தார். இங்கிலாந்துத் தபால்தலையைப் பார்த்து ஏதோ வில்லங்கம் என்று நினைத்திருக்க வேண்டும். நான் கத்தியைக் கீழே போட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிரித்தேன். ஒரு பெருநகரத்துப் பல்கலைக்கழகம், ஆயிரக்கணக்கான பேர் படிக்கும் இடம். பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர்களால் நான் பட்ட பாடு போதும்.

மருத்துவம் படிக்க எனக்கு இடம் உண்டு என்று எழுதியிருந்தார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் நேரில் வந்து பதிந்துகொள்ள வேண்டும். பிறப்புப் பத்திரத்தின் அரசாங்க நகல் கொண்டுவர வேண்டும். இருபத்தொரு வயது நிறையாதவன் என்றால் தந்தையோ தாயோ சம்மதம் தெரிவித்த தாளும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். ஆகஸ்ட் நடுவில் எங்கள் தீவின் துறைமுகமான போர்ட் லூயியிலிருந்து கிளம்பும் கப்பலை விட்டால் அக்டோபருக்குள் போய்ச் சேர முடியாது என்பதை நான் அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ரோஸ் ஹில்லில் ஒரு உறவினர் வீட்டின் பின்கட்டில் தங்கி ஆறு வருடம் பள்ளிக்கூடம் போனவன். அப்பா சொந்தமாகக் கொஞ்சம் கரும்பு போட்டிருந்தார்; கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிக் குவித்து, அந்தக் குவியல்களுக்கு நடுவே கிடைத்த மண்ணில் நட்ட கரும்பு. என் படிப்புக்காக அதில் ஒரு துண்டு ஏற்கெனவே போயிருந்தது. இந்த இடமும் கைவிட்டுப் போனால் எனக்கு மிச்சம் அந்தக் கல்லும் கரும்பும்தான். கரும்பை நான் வெறுத்தேன். அதன் சோகை இலை கழுத்தை அறுக்கும் அரிப்பை இன்றும் வெறுக்கிறேன்.

மறுநாள் அப்பாவும் நானும் மாட்டுவண்டியில் சென்ட்ர் டி ஃப்ளாக் பட்டணத்துக்குப் போனோம். பதிவு அலுவலகத்தில் ஒரு கிரியோல் இனத்துக் குமாஸ்தா. பிறந்த தேதியையும் அப்பா பெயரையும் கேட்டுக்கொண்டு பெரிய புத்தகத்தைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். பிறகு இன்னொரு புத்தகத்தை எடுத்தார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் அப்பாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. மூன்றும் இறந்ததும் எழுதியிருக்கிறது. நாலாவது என்று யாரும் இல்லை."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்பா சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, அடுத்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, "அவரு பேர்ல பாருங்க, மிஸ்யே" என்றார். குமாஸ்தா பார்த்தார். இருந்தேன். அதே நாள், அதே ஊர், என் பெயர். தகப்பன் பெயர் அடுத்த வீட்டுக்காரருடையது. தாய் பெயர் அவர் மனைவியுடையது.

தவிட்டுக் கதை எனக்குத் தெரியாதது அல்ல. எனக்கு முன் பிறந்த மூன்றும் காய்ச்சலில் போனதால், நான் பிறந்ததும் என்னை முறத்தில் போட்டு அடுத்த வீட்டு அத்தையிடம் கொடுத்து, மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அளந்து கொடுத்து அம்மா திரும்ப வாங்கினாள். இனி நான் அவள் பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கிய பிள்ளை. எமன் அவள் பிள்ளையைத் தேடி வந்தால் ஏமாந்து போவான். கிராமத்தில் எல்லோரும் என்னைத் தவிடு என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா ஒருநாளும் என்னை மகனே என்றதில்லை. "அந்த வீட்டுப் பையனுக்குச் சோறு போடணும்" என்றுதான் பிறர் காதுபடச் சொல்வாள். அத்தைக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் உயிரோடு. எமன் எட்டிப் பார்க்காத வீடு என்று அப்போது அதற்குப் பெயர். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியம்தான். பதிவுப் புத்தகம்வரை அது போயிருந்தது மட்டும் எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் அப்பா மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தவிடு மட்டும் போதும்னு எல்லாரும் சொன்னாங்கடா. உங்கம்மாவுக்குப் பத்தல. மொத மூணு பேரையும் நாமதான போயி பாப்பியேல எழுதி வச்சோம், எழுதி வச்ச எடத்துக்குத்தான எமன் வந்து தூக்கிட்டுப் போனான்னு சொன்னா. சித்திரகுப்தன் எழுத்தப் பாக்குறவன், அவன் தவிட்டையா பாப்பான்னு கேட்டா. அடுத்த வீட்டு அண்ணன் போயி அவரு பேர்ல எழுதிட்டு வந்தாரு."

பாப்பியே என்றால் கிரியோல் மொழியில் காகிதம். எங்கள் ஊரில் சர்க்கார் பத்திரம் எல்லாமே பாப்பியேதான். எமனுக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பிய பெண் உலகத்தில் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த அண்ணன் என் பத்தாவது வயதில் வண்டி கவிழ்ந்து செத்துப்போயிருந்தார்.

கோர்ட்டில் மனு போட்டுப் பத்திரத்தைத் திருத்தலாம் என்றார்கள். போட்டோம். பேறு பார்த்த மருத்துவச்சி உயிரோடு இல்லை. அதனால் பெற்றவளே வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். அப்பா வீட்டில் அம்மாவிடம் விவரம் சொன்னார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரர். எங்கள் ஜனங்களுக்கு ஒரு தமிழ்த் துபாஷி இருந்தார். முதலில் அப்பா, இவன் என் மகன், எழுதியது தப்பு என்றார். பிறகு அம்மா கூண்டில் ஏறினாள். முக்காடு நெற்றிவரை. துபாஷி கேட்டார்: "இந்தப் பையன் உங்க வயித்துல பொறந்தவன்தானா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "இல்லீங்க" என்றாள்.

துபாஷி காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டார்.

"இல்லீங்க. தவிட்டுக்கு வாங்குனதுங்க."

துபாஷிக்கு வியர்த்தது. அவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளையை விலைக்கு வாங்கினாயா என்று கேட்கச் சொன்னார். ஆமாங்க, ஒரு படி, என்றாள் அம்மா. அப்படியென்றால் பெற்றது யார்?

"அடுத்த வீட்டு அண்ணிங்க. பாப்பியேல அப்படித்தான இருக்கு?"

அதற்கு மேல் அவர் கேட்க என்ன இருக்கிறது? பத்திரமும் அதையே சொல்கிறது, பெற்றவள் என்று கூட்டிவந்தவளும் அதையே சொல்கிறாள். நேரத்தை வீணாக்கியதற்காக அப்பாவைத்தான் திட்டினார். மனு தள்ளுபடி. நான் எழுந்து நின்று ஏதோ கத்தினேன். சேவகன் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான். கப்பலுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

அன்று வண்டியில் நான் அம்மாவிடம் பேசியதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். எழுதாமல் விட்டால் மீதி எதற்கும் அர்த்தம் இல்லை. "பெத்த பிள்ளைய இல்லேன்னு சொல்ற வாய் நல்ல வாயா?" என்றேன். "உனக்கு நான் பிள்ளை இல்லேன்னா எனக்கும் நீ அம்மா இல்ல. அந்த மூணோட நானும் போயிருந்தா நல்லா இருந்திருக்கும்." அப்பா வண்டியை நிறுத்திவிட்டார். அம்மா கையை ஓங்கினாள், அடிக்கவில்லை.

"நீ கடல் தாண்டிப் போற" என்றாள். "அங்க விபூதி வைக்க நான் வருவனா? பத்தொம்பது வருசமா பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். சபையில ஏறி என் பிள்ளைன்னு சொல்லச் சொல்றியே, அவன் காதுல விழாதா?"

பிசாசுக்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள்; நான் பிசாசுக்கே பிறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று பிள்ளைகளைக் குழியில் வைத்தவள் அவள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பத்தொன்பது வயதில் அடுத்தவர் துக்கம் கணக்கில் வராது. ஒரு வாரம் நான் அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை. கரும்புக்காட்டில் கற்குவியல் மேல் உட்கார்ந்து கடிதத்தை எடுத்து எடுத்து வாசித்தேன். மடிப்பு கிழிந்து தாள் நாலு துண்டாகும் நிலைக்கு வந்துவிட்டது. தூக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றுகூட ஒருநாள் மாமரத்தைப் பார்த்து நின்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நின்றேன்.

வழி சொன்னது ரோஸ் ஹில் தலைமை ஆசிரியர். ரயிலேறிப் போய் அவரிடம் அழுதேன். அவர் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் என்ன குறை? நீ பிறந்திருக்கிறாய். அந்த வீட்டுப் பிள்ளையாகவே போயேன்" என்றார். பத்திரத்தில் உள்ள தாய் சம்மதத் தாளில் கைநாட்டு வைக்கட்டும். பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயர் தவறாகப் பதிவாகிவிட்டது, சான்றிதழில் இருப்பவனும் பத்திரத்தில் இருப்பவனும் ஒரே ஆள்தான் என்று தாமே எழுதித் தருவதாகச் சொன்னார். நான் மட்டும் அதை ஒரு அதிகாரி முன்னால் சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

அத்தையிடம் போய்க் கேட்டேன். அவர் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். "ஏழோட எட்டு. சொத்துல பங்கு கேக்காம இருந்தா சரி" என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"உங்கம்மா வந்து கேக்கட்டும். அவ வாயால கேக்காம நான் கைநாட்டு வச்சா அது பிள்ளையப் பறிச்ச பாவம்."

அம்மா எங்கே கேட்கப் போகிறாள் என்று நான் வீட்டுக்குப் போகாமல் வேலி ஓரமாகவே நின்றேன். ஆனால் அப்பா போய்ச் சொன்ன அரை மணி நேரத்தில் அவள் வந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு போய் அத்தை வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை.

"அண்ணி, உங்க பிள்ளைக்கு ஒரு கைநாட்டு வச்சுக் குடுத்துருங்க. படிக்கப் போகணுமாம்."

அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்து பெருவிரலை நீட்டினார். எனக்கு அப்போது தோன்றியது நிம்மதி ஒன்றுதான். வேறு எதுவும் தோன்றவில்லை.

போர்ட் லூயியில் ஒரு அதிகாரி முன்னால் கையைத் தூக்கி, இறந்துபோன இன்னாருக்கும் அவர் மனைவி இன்னாருக்கும் பிறந்த மகன் நான் என்று சத்தியம் செய்தேன். அம்மா கூண்டில் நின்று பொய் சொன்னாள் என்று வண்டியில் கத்தியவனும் நான்தான். என் குரல் நடுங்கவில்லை. மை காய்வதற்குள் தாளை வாங்கிக்கொண்டேன்.

துறைமுகத்துக்கு நாலு பேரும் வந்தோம். படகில் ஏறுமிடத்தில் அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பத்திரத்துக்குத் தக்கபடி அழுதாரோ, உண்மையாகவே அழுதாரோ. அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அம்மா தள்ளி, சர்க்கரை மூட்டைகளின் பக்கத்தில், வேறு யாரையோ வழியனுப்ப வந்தவள் மாதிரி நின்றாள். நான் அவளிடம் போகவில்லை. கோபம் ஆறவில்லை. படகு விலகியபோது திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் பதிவு மண்டபத்தில் அக்டோபர் மழையில் நனைந்த மேலங்கிகளின் நாற்றம். பெயரின் முதல் எழுத்து வாரியாக வரிசைகள். நான் தவறிப்போய் அப்பாவின் எழுத்துக்குரிய வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, மேசை கிட்டே வந்த பிறகுதான் நினைவு வந்து, அடுத்த வீட்டுக்காரர் எழுத்துக்குரிய வரிசையின் வாலில் போய் நின்றேன். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. படிவத்தில் பெற்றோரைப் பற்றி ஒரு கட்டம் இருந்தது. தந்தை, தாய் ஒவ்வொருவருக்கும் எதிரில் 'உயிரோடு உள்ளார்', 'காலமானார்' என்று இரண்டு சொற்கள். பொருந்தாததை அடித்துவிட வேண்டும். தந்தைக்கு உயிரோடு உள்ளார் என்பதை அடித்தேன். அந்த நேரத்தில் ஊரில் அப்பா வெட்டு முடிந்த காட்டில் சோகையை எரித்துக்கொண்டிருந்திருப்பார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் பிறப்புப் பத்திரத்தையும் சம்மதத் தாளையும் வாங்கினார். மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை. கூடையில் போட்டுவிட்டு எனக்கு ஒரு எண் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. பின்னால் இன்னும் முந்நூறு பேர் நின்றார்கள். ஆனால் நான் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தவன் என்னை இடித்துத் தள்ளினான்.

அதன் பிறகு மாணவனாக இருந்தேன். அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. படிப்படியாக மேலே போகும் விரிவுரை மண்டபத்தில் இருநூறு பேர். பேராசிரியர் கீழே ஒரு விரல் உயரத்தில் தெரிவார். முதல் வாரம் வருகைப் பதிவில் அடுத்த வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டபோது நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அது நான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நாலு நாள் வராதவன் என்று எழுதி, விளக்கம் கேட்டு அறிவிப்புப் பலகையில் என் எண்ணை ஒட்டினார்கள். காது மந்தம் என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடம் உரக்கப் பேசினார்கள்.

நாலாவது மாடியில் ஒரு அறை. காலையில் ரொட்டி, இரவில் ரொட்டி. நடுவில் தேநீர். பிணம் அறுக்கும் கூடத்து வாடை விரலிலிருந்து போகாமல் அந்த ரொட்டியும் இறங்காது. முதல் வருடத் தேர்வில் வேதியியலில் விழுந்தேன். மறுபடி எழுதித்தான் தேறினேன். பெயிலானால் திரும்பிப் போக வேண்டிய இடத்தில் கரும்பும் கல்லும் இருந்தன, அந்தப் பயம்தான் என்னைப் படிக்க வைத்தது. யாரோடும் சிநேகம் வைத்துக்கொள்ளவில்லை. சிநேகம் என்றால் வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். யாருடைய வீட்டைச் சொல்வது?

மாதம் ஒரு கடிதம் அப்பாவுக்கு எழுதினேன். கோயிலில் கற்ற தமிழில், தப்பும் தவறுமாக. அடியில் 'அம்மாவுக்கு நலம் சொல்லவும்' என்று ஒரு வரி. வண்டியில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு மூன்று தடவை தொடங்கினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பாதான் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவர் குரலில் அதை நினைத்துப் பார்த்ததும் கூச்சமாகிக் கிழித்துவிட்டேன். டாக்டராகப் போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

மூன்றாம் வருடம் பதிவு முடியும் நாள் காலை அப்பாவின் கடிதம் வந்தது. அம்மா போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. காய்ச்சல். நாலு நாள்தான் படுத்திருந்தாளாம். 'பையனுக்குத் தந்தி கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு நம்ம வீட்டுச் சேதி என்று சொன்னாள். கடைசி நாள் நினைவு தப்பியும் உன் பெயரைச் சொல்லவில்லை. மற்ற மூன்று பேர் பெயரையும் சொன்னாள். குழியில் முதல் பிடி மண் நானே போட்டேன்' என்று எழுதியிருந்தார்.

படுக்கையில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. எமன் தலைமாட்டில் வந்து நின்ற பிறகும் அவனுக்கு என்னைக் காட்டிக் கொடுக்காமல் போயிருக்கிறாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட அனுப்பவில்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். சுவர் மெல்லியது, பக்கத்து அறையில் ஆள் இருந்தான்.

மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். பதிவுக்கு இரண்டு நாள் தவணை கிடைக்குமா என்று மேசையிலிருந்த அம்மையாரிடம் கேட்டேன். நரைத்த தலை, நல்ல முகம். என்ன காரணம் என்றார். ஒரு சாவு என்றேன்.

"பெற்றோரா?"

மேசைமேல் என் பழைய படிவம் திறந்திருந்தது. அதில் தாய் என்ற இடத்தில் அத்தையின் பெயர் என் கையெழுத்திலேயே இருந்தது.

"இல்லை. அடுத்த வீட்டு அம்மா."

அவர் உண்மையாகவே வருந்தினார். நெருங்கிய உறவு என்றால் மட்டும்தான் தவணை தர விதி இருக்கிறது என்றார். புதுப் படிவத்தை என் பக்கம் நகர்த்தி, நாலு மணிக்குள் முடித்துவிட்டால் இந்த வருடம் பறிபோகாது என்று சொல்லித் தம் பேனாவையே கொடுத்தார்.

பெயர் எழுதினேன். எண் எழுதினேன். தந்தைக்கு எதிரில் போன வருடம் அடித்ததையே அடித்தேன். தாய் என்ற இடத்துக்கு வந்து நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை பொறுமை இழந்து காலை மாற்றிக்கொண்டிருந்தது. 'காலமானார்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தேன். நேராக வரவில்லை, இன்னொரு முறை இழுத்தேன்.

அம்மையார் பழைய படிவத்தைப் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாக ஒத்துப் பார்த்தார்.

"மாற்றம் ஒன்றும் இல்லையே?" என்றார்.

இல்லை என்றேன். அவர் முத்திரை குத்தி, அட்டையை என்னிடம் கொடுத்தார்.